மீட்டர் சிமிட்டுவதை எண்ணிப் பாருங்க: வீட்டுச் செலவு கேள்வி பதில்

கேட்கும்போது எண்ணிக்கையோடு கேளுங்க. வீட்டில் எத்தனை பேர், ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட், சிலிண்டர் எத்தனை நாள் வருது, இவ்வளவும் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஷாம்பு பாக்கெட்டைக் கழுவி ஊற்றுவது, சோப்புத் துண்டை ஒட்டவைப்பது மாதிரி நாலணாக் கணக்கு இங்கே வேண்டாம். பெரிய ஓட்டை எதுவோ அதை முதலில் பார்ப்போம். கேட்டவங்களை ஊர்ப் பேரால் குறிச்சிருக்கேன்.

சூலூர்: அக்கா, போன தடவை கரண்ட் 480 யூனிட். இந்தத் தடவை 512. முப்பத்திரண்டு யூனிட்தானுங்க கூட, பில்லு மட்டும் எகிறிப்போச்சு. ரீடிங்கைத் தப்பா எழுதிட்டாங்களா?

தப்பு இருக்காதுங்க. 500-ஐத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கும் இருந்த குறைந்த விலையும் கையை விட்டுப் போயிடும். 2022 செப்டம்பர் கட்டணத்தை வெச்சுப் போட்டுக் காட்டறேன். 480 யூனிட்டில் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 வீதம் 225 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50 வீதம் 900, மிச்சம் 80-க்கு 6 ரூபாய் வீதம் 480. ஆக 1,605. அதுவே 512 ஆனால், இலவச 100 போக அடுத்த 300-க்கும் 4.50 வீதம் 1,350, அதற்கு மேல் 100-க்கு 600, கடைசி 12-க்கு 8 ரூபாய் வீதம் 96. ஆக 2,046. சரியாக 500-ல் நின்றிருந்தால் 1,725 ரூபாய், 501 ஆனால் 1,958. அந்த ஒத்தை யூனிட்டுக்கு விலை 233 ரூபாய்! அதற்கப்புறம் கட்டணம் மாறியிருக்கு, அதனால் உங்க பில்லில் இருக்கும் விலையைப் போட்டு ஒரு தடவை இதே கணக்கைப் பார்த்துக்கோங்க.

ரீடிங் எடுத்த நாளை காலண்டரில் குறிச்சு வைங்க. முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்க. திரையில் வோல்ட், ஆம்ப்ஸ் எல்லாம் மாறி மாறி வரும். கேடபிள்யூஎச் (kWh) என்று பக்கத்தில் வரும் எண்தான் யூனிட். 250-க்கு மேல் போயிருந்தால் அடுத்த முப்பது நாளில் இறுக்கிப் பிடிக்க இன்னும் நேரம் இருக்கு. ஐம்பத்தெட்டாம் நாள் பார்த்து ஒண்ணும் ஆகாது.

சூலூர், மறுபடியும்: எதை நிறுத்தறதுன்னு எப்படிங்க்கா கண்டுபிடிக்கிறது? ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாமே ஓடுதே.

மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒண்ணு சிமிட்டிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பக்கத்தில் 3200 இம்ப் (imp) என்றோ 1600 இம்ப் என்றோ அச்சடிச்சிருக்கும். 3200 என்றால், அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். ஒரு நிமிஷம் எண்ணி, அதை 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் கிலோவாட் வந்துடும். நிமிஷத்துக்கு 16 தடவை என்றால் 0.3 கிலோவாட், அதாவது 300 வாட். இப்போ ஒரு ஃபேனை நிறுத்திட்டு மறுபடி எண்ணுங்க. எத்தனை குறையுதோ அதுதான் அந்த ஃபேன் தின்பது. எண்ணும்போது ஃபிரிட்ஜ் நடுவில் ஓட ஆரம்பிச்சால் கணக்கு கெட்டுப்போகும், அதனால் அதை மட்டும் முதலில் பிளக்கைப் பிடுங்கிடுங்க.

பொதுவாகக் கிடைக்கும் விடை: பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாசத்தில் 67 யூனிட். கரண்ட் குறைவா இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 28 வாட், அதே நேரத்துக்கு 25 யூனிட். இப்படி 15 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினாலே 42 யூனிட் மிச்சம், 500-க்குள் வர உங்களுக்கு வேண்டியதோ 12. விருந்தாளி வந்தால் மட்டும் சுத்தும் ஆசாரத்து (முன்கூடத்து) ஃபேனை மாற்றினால் போட்ட காசு திரும்பாது. ரிமோட்டில் அணைச்ச செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தாலும் ரெண்டு மாசத்தில் 14 யூனிட், அதனால் சுவிட்சிலேயே அணைங்க. செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதில் ஒண்ணும் பெரிசா இல்லை.

பல்லடம்: எங்கூட்டுல போர் தண்ணிதானுங்க. ஹீட்டர் காயில் வருசத்துக்கு ரெண்டு தடவை எரிஞ்சு போகுது. உப்பு படிஞ்சா கரண்ட் அதிகம் இழுக்கும்ங்கிறாங்களே?

கரண்ட் அதிகம் இழுக்காதுங்க, எல்லோரும் சொல்லிச் சொல்லி அப்படி ஆயிடுச்சு. காயில் தண்ணிக்குள்ளேதான் இருக்கு, சூடு கடைசியில் தண்ணிக்குத்தான் போயாகணும். சேதம் வேற மாதிரி. உப்பு ஓடு மாதிரி மூடிக்கிட்டா சூடு வெளியே வர முடியாமல் காயிலின் உள்கம்பி அளவுக்கு மீறிக் காய்ஞ்சு அறுந்துபோகும். 60 டிகிரிக்கு மேலே போகப் போக உப்பு வேகமாப் படியும். தெர்மோஸ்டாட்டை 50-ல் வைங்க, குளிக்க அது தாராளம்.

தண்ணிக்குள் விடும் ராடு என்றால் மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு, பிளக்கைப் பிடுங்கின ராடை ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க. பொரிஞ்சு கழண்டு வரும். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சையும் சேர்த்து அரிச்சுடும். கத்தியால் சுரண்டறதும் அதே கதைதான். கீசர் என்றால் வருசம் ஒரு தடவை மெக்னீசியம் கம்பியைக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. தொட்டி துருப்பிடிக்காமல் தன்னையே கரைச்சுக்கொள்ளும் கம்பி அது. நடுக்கம்பி தெரியும் அளவுக்குக் கரைஞ்சிருந்தால் மாற்றணும். இல்லைன்னா அடுத்து தொட்டியே ஓட்டையாகும்.

பொடக்காளியில் (புழக்கடையில்) இடமும் தென்னையும் இருந்தால் செம்பு பாய்லர் இன்னும் மலிவு. மட்டை, பாளை, பன்னாடையை எரிங்க. கொட்டாங்குச்சியை மட்டும் எரிக்காதீங்க. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கரி சுடறவங்க அதைக் காசு கொடுத்து எடுத்துக்குவாங்க.

பொள்ளாச்சி: பதினஞ்சு மரம் இருக்குதுங்க. தேங்காயைக் காய வெச்சு செக்குல ஆட்டிக்கிட்டா லாபமா, இல்லை காயை வித்துட்டு எண்ணெய் வாங்கறது லாபமா?

கணக்கு இப்படி: நடுத்தரக் காய் ஏழு சேர்ந்தால் சுமாரா ஒரு கிலோ கொப்பரை. அதிலிருந்து எண்ணெய் சுமாரா 600 கிராம், அளவில் 650 மில்லி. ஆக ஒரு லிட்டருக்குப் பதினொரு காய். இன்னைக்கு உங்க தோப்பில் காய் என்ன விலைக்குப் போகுதோ அதை பதினொண்ணால் பெருக்கி, ஆட்டுகூலியைச் சேர்த்து, புண்ணாக்கு விலையைக் கழிங்க. 'சொந்தக் காய்தானே, சும்மா வருது' என்று மட்டும் கணக்குப் போடாதீங்க. வித்திருந்தால் வந்திருக்கும் காசுதான் அதன் விலை. காய் விலை ஏறிக் கிடக்கும்போது வித்துடறதே நல்லது. சின்னக் காய், வெடிச்ச காய், வியாபாரி கழிச்சுப் போடும் காய், இதை ஆட்டினால் எப்பவும் லாபம்.

கெட்டுப்போறது காய வைக்கறதில்தான். உடைச்ச மூடியை வாய் மேலே பார்த்த மாதிரி வெயிலில் பரப்புங்க. ரெண்டாம் மூணாம் நாள் பருப்பு ஓட்டை விட்டுக் கழண்டு வரும். தோண்டி எடுத்து இன்னும் நாலைந்து நாள் காயணும். சாயங்காலம் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து பூஞ்சாணம் பிடிக்கும். அள்ளி உள்ளே கொண்டுபோங்க, இல்லைன்னா கோணிச்சாக்கு போடுங்க. ஒடிச்சால் படக்கென்று ஒடியணும். ரப்பர் மாதிரி வளைஞ்சால் ஈரம் இருக்கு, அந்த எண்ணெய் ரெண்டு மாசத்தில் காறிப்போகும். கறுப்பு, பச்சைப் பூஞ்சாணம் வந்த துண்டைத் துடைச்சுச் சேர்க்காதீங்க, தூக்கிப் போடுங்க. ஆட்டின எண்ணெயை ரெண்டு மூணு நாள் தெளிய வெச்சு, அடியில் நிற்கும் கசண்டைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுங்க. பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது.

ஈரோடு: நாலு பேர்தானுங்க்கா. சிலிண்டர் 25 நாள்கூட வரமாட்டேங்குது. கொள்ளுப் பருப்புக்கே பத்து விசில் வைக்க வேண்டியிருக்கு.

பத்து விசிலும் காசு ஆவியா வெளியே போறதுதான். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வாக்கில் நின்னுடும், அடுப்பைப் பெரிசா வெச்சாலும் அதுக்கு மேலே ஏறாது. முதல் விசில் வந்ததும் தணலை அடியோடு குறைச்சு, உஸ்ஸென்று மெதுவா மூச்சு விடும் அளவில் வைங்க. விசிலை எண்ணாமல் நிமிஷத்தை எண்ணுங்க. கொள்ளை ராத்திரியே ஊறப் போட்டால் இருபது நிமிஷம் போதும். ஊறாத கொள்ளுக்குத்தான் இத்தனை விசில் வேண்டியிருக்கு. அரிசிம்பருப்புக்கு அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊற வெச்சு, ரெண்டு விசிலில் அணைச்சுட்டு, ஆவி தானா அடங்கும் வரை தொடாதீங்க. மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே ஆயிடும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விடறது அந்தச் சூட்டைத் தூக்கி வெளியே போடறது.

அடுப்புத் தீ நீலமா இருக்குதா பாருங்க. மஞ்சளா எரிஞ்சு போசி (பாத்திரம்) அடியில் கரி பிடிச்சால் காற்றுக் கலப்பு பத்தலை. பர்னர் தலையைக் கழட்டி, துளைகளை ஊசியால் குத்தி, கழுவி, நல்லாக் காய வெச்சு மாட்டுங்க. பாதிப் பேர் ஈரத்தோடு மாட்டிட்டு 'கழுவியும் மஞ்சளாத்தான் எரியுது'ன்னு சொல்லுவாங்க. உள்ளே இருக்கும் பித்தளை ஜெட்டை மட்டும் ஊசியால் நோண்டாதீங்க. ஓட்டை பெரிசானால் கேஸ் இன்னும் போகும், ஆபத்தும் கூட.

ஒண்ணு விட்டுப்போச்சு. சிலிண்டர் வந்தால் எடை போடச் சொல்லுங்க. கைப்பிடி வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்த்து வரணும். எடை போடும் கொக்கி கொண்டு வருவது அவங்க வேலைதான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அவிநாசி: அண்டர்கிரவுண்ட் தொட்டி இல்லீங்க. போரிலிருந்து நேரா மேல் டேங்குக்கு. முன்னெல்லாம் அரை மணி நேரத்தில் நிறையும், இப்ப ஒண்ணேகால் மணி ஆகுது.

20 லிட்டர் பக்கெட்டை டேங்க் குழாய் வாயில் வெச்சு நேரம் பாருங்க. 30 நொடியில் நிறைஞ்சால் 1,000 லிட்டருக்கு 25 நிமிஷம். நொடி கூடக் கூட மோட்டார் வீணாச் சுத்துது. மோட்டாரை நிறுத்தினதும் போர் வாயில் காது வைங்க. தண்ணி சலசலவென்று திரும்ப விழுந்தால் கீழே குழாய் ஜாயின்ட் ஓட்டையோ, வால்வு பிடிக்கலையோ. சத்தமில்லாமல் தண்ணி மட்டும் மெல்லிசா வந்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கணும், இல்லை மணல் தின்னு இம்பெல்லர் (மோட்டாரில் தண்ணியைத் தள்ளும் சக்கரம்) தேஞ்சிருக்கணும். விட்டு விட்டுக் காற்றோடு வந்தால் நீர்மட்டம்தான், அப்போ மோட்டாரைக் கழட்டிச் செலவு பண்ணாதீங்க. ஒரே மாதிரி மெல்லிசா வந்தால் கழட்டிப் பார்க்கலாம்.

வடவள்ளி: ஆர்ஓ வேஸ்ட் தண்ணியைச் செடிக்கு ஊத்தலாமுங்களா?

உங்களுக்குச் சிறுவாணித் தண்ணி வருதுன்னா ஆர்ஓவே எதுக்குங்க? காய்ச்சிக் குடிச்சால் போதும். உப்புத் தண்ணி வீடுகளுக்குச் சொல்றேன்: ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் கழிவு போனால், அந்தக் கழிவில் உப்பு மூணில் ஒரு பங்கு கூடிடும். 800 டிடிஎஸ் (கரைஞ்சிருக்கும் உப்பின் அளவு) தண்ணி 1,060-க்குப் பக்கம் போகும். வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற நல்லது. தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் வெள்ளை பூத்து வேர் கருகிடும்.

நாமக்கல்: வருசத்துக்கு வேணும்கிற பருப்பு மொத்தமா வாங்கறோம், மூணாம் மாசமே வண்டு. வெயில்ல காய வெச்சுத்தான் போடறோம்.

சுடச்சுடக் கொட்டி மூடியிருப்பீங்க. ஆறும்போது உள்ளே வேர்த்து, அந்த ஈரமே வண்டுக்கு விருந்து. காய வெச்சதை நிழலில் முழுசா ஆற விட்டு, அப்புறம் டப்பாவில் போடுங்க. துவரம் பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தேய்ச்சு வெச்சால் முட்டை பிடிக்காது, சமைக்கும்போது கழுவிக்கலாம். முழுத் துவரை, அவரைக்குச் செம்மண் கட்டறது (செம்மண் குழம்பு பூசிக் காய வைக்கறது) இன்னும் உத்தமம். அரிசியை மட்டும் உச்சி வெயிலில் போடாதீங்க, விரிசல் விட்டுக் குருணையாப் போகும்.

திருப்பூர்: பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்குது. தொடைக்க எது நல்லது?

காட்டன்தான். ஒரு நூலைப் பத்த வைங்க. காகிதம் கருகும் வாசனை வந்து சாம்பலா உதிர்ந்தால் காட்டன், உருகிக் கட்டியா நின்னால் பாலியஸ்டர். அது தண்ணியை இழுக்காது.

சூலூர்: அக்கா, எண்ணிப் பார்த்தேன். எல்லாச் சுவிட்சையும் அணைச்சும், ஃபிரிட்ஜைப் பிடுங்கியும், நிமிஷத்துக்கு ரெண்டு தடவை சிமிட்டுதுங்க! 3200 இம்ப் மீட்டர்தான்.

அப்போ சும்மா நிக்கும்போதே 37 வாட் போகுது. ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்குதுங்களா? சுவிட்சை அணைச்சாலும் அது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கும். நாலைந்து வருசம் ஆன பேட்டரி நிறையாமலே இழுக்கும். இன்வெர்ட்டருக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி எண்ணுங்க. நின்னுட்டால் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்க. அடிக்கடி குறைஞ்சால் பேட்டரி முடிஞ்சுது. நிக்கலைன்னா எம்சிபியை (ஒவ்வொரு லைனுக்கும் போர்டில் இருக்கும் தனி சுவிட்ச்) ஒவ்வொண்ணா இறக்குங்க, எதை இறக்கினப்போ நிக்குதோ அந்த லைனில்தான் ஏதோ இருக்கு. மெயின் சுவிட்சையே இறக்கியும் சிமிட்டினால் அது உங்க வீட்டு வயரிங் கணக்கில் வராது, மின்வாரிய அலுவலகத்தில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுங்க.