‘சீரியல் வீடு எது?’ என்று கேட்டு வருகிறவர்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சமாச்சாரத்தைப் பற்றித்தான். ஒரு பெண் எழுதிய கடிதத்தை முதலில் போடுகிறேன், மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஏறக்குறைய அதற்குள்ளேயே வந்துவிடும்.

அண்ணாச்சி, எங்கள் வீடு பூதப்பாண்டி பக்கம். மாமனார் காலத்து ஓட்டு வீடு. முன்னால் படிப்புரை, முற்றத்தில் துளசி மாடம், ஓரத்தில் கிணறு. ஒரு சீரியல்காரர்கள் வந்து கேட்டார்கள், என் வீட்டுக்காரரும் சரி என்று விட்டுக்கொடுத்தார். கதாநாயகியின் பூர்வீக வீடு என்று எங்கள் வீட்டைத்தான் டிவியில் காட்டுகிறார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் நிம்மதி போச்சு. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு திற்பரப்பு போகிற வேன்கூட வழியை மாற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறது. சீரியலில் அந்தப் பெண் துளசி மாடத்தில் மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொள்வாள். வருகிறவர்களும் கட்டிவிட்டுப் போகிறார்கள், அவிழ்த்துப் போட்டதில் ஒரு கடவம் நிறைந்துவிட்டது. மாமியாருக்கு எண்பது தாண்டியாச்சு, சாயங்காலம் படிப்புரையில் வெற்றிலை இடித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களிடம் போய், “பாட்டி, அந்த வில்லி எங்கே?” என்று கேட்டு வீடியோ எடுக்கிறார்கள். ஒருத்தி கையில் நூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர்கள் அழுததைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர், “நாமதானே காசு வாங்கினோம், பேசாம இரு” என்கிறார். காசு வாங்கினதால் கேட்கிற உரிமை போய்விட்டதா? பெயர் போடவேண்டாம்.

போகவே இல்லை தங்கச்சி. இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். கம்பெனிக்காரர்களுக்கு நீங்கள் கொடுத்தது அந்தச் சில நாள் படம்பிடிக்கிற அனுமதி, அவ்வளவுதான். சீரியல் பார்க்கிற அத்தனை பேருக்கும் வாசல் சாவி கொடுத்ததாக அதில் எங்கேயும் எழுதியிருக்காது. வாங்கின காசு அந்த ஷூட்டிங்குக்கு, அது அன்றைக்கே கணக்குத் தீர்ந்தாச்சு.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படக் கூடாது. ரோட்டில் நின்று வீட்டின் முகப்பைப் பார்க்கிறவரையும் போட்டோ எடுக்கிறவரையும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ரோடு பொது. உங்கள் எல்லை மதிலில் ஆரம்பிக்கிறது. மதிலைத் தாண்டி ஒருத்தர் கால் வைத்தால், அவர் எவ்வளவு அன்பாக வந்திருந்தாலும் சரி, போகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று வேறு பலர் கேட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தில் 329-வது பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றியது. அடுத்தவர் இடத்தில் அத்துமீறினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், குடியிருக்கிற வீட்டுக்குள் என்றால் சிறை 1 வருஷம் வரை போகலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணி நுழைந்தாலோ, நுழைந்த பிறகு அந்த எண்ணத்தோடு போகாமல் நின்றாலோதான் அது குற்றம். தெரியாமல் முற்றத்துக்கு வந்து அசடு வழிந்து நிற்கிற குடும்பத்தின்மேல் கேஸ் நிற்காது. ‘வெளியே போங்க’ என்று தெளிவாகச் சொன்ன பிறகும் வேண்டுமென்றே நின்று வீடியோ எடுத்து வம்பு செய்கிறவன் சங்கதி வேறு. அதனால்தான் வாசலில் போர்டு வைக்கச் சொல்கிறேன். தமிழில் மட்டும் வைத்தால் போதாது, மலையாளத்திலும் எழுதுங்கள். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி வருகிற வேன்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ‘இது குடும்பம் குடியிருக்கிற வீடு, உள்ளே வர அனுமதி இல்லை’ என்று இருந்தால் போதும், வீராவேசமாக எதுவும் எழுதவேண்டாம். கேட்காதவர்கள் வந்தால் 112-க்கு போன் போடுங்கள்.

கிணற்றடியில் குளிக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பெண்கள் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ மறைந்திருந்து எடுத்தால் அது அதே சட்டத்தில் 77-வது பிரிவு, முதல் தடவைக்கே குறைந்தது 1 வருஷம் ஜெயில். அதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

அந்த மஞ்சள் கயிறு சமாச்சாரத்துக்கு வருவோம். உங்களுக்கு முன்னாலேயே இந்தப் பாடுபட்ட ஒரு குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. ‘பிரேக்கிங் பேட்’ என்ற தொடரில் கதாநாயகன் கோபத்தில் ஒரு பீட்சாவைத் தூக்கி எறிவான், அது கூரைமேல் போய் விழும். நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கி நகரத்தில் இருக்கிற அந்த வீட்டுக்கு வந்த ரசிகர்களும் கூரைமேல் பீட்சா எறிய ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா பீட்சாவைப் பொறுக்கிப் பொறுக்கி ஓய்ந்துபோனார். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2015-ல் வெளிப்படையாகப் பேசினார், அந்தம்மா வீட்டின்மேல் பீட்சா போடுவதில் வேடிக்கையும் இல்லை, புதுமையும் இல்லை என்று. அப்படியும் ஆட்கள் வருவது ஓயவில்லை, 2017-ல் வீட்டுக்காரர்கள் இரும்பு வேலி போடவேண்டி வந்தது.

நியூயார்க்கில் பெர்ரி தெருவில் இன்னொரு வீடு. ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொடரில் நாயகி குடியிருக்கிற வீடு என்று அதன் வாசல்படியைத்தான் காட்டினார்கள். தொடர் 2004-லேயே முடிந்துவிட்டது, ஆனால் படியில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிற கூட்டம் முடியவில்லை. சங்கிலி கட்டிப் பார்த்தார்கள், போர்டு வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பழமை மாறாமல் காக்கவேண்டிய தெரு என்பதால் கேட் போடக்கூட அரசு அமைப்பிடம் அனுமதி கேட்கவேண்டும். 2025 ஜனவரியில்தான் அது கிடைத்தது. சீரியல் முடிந்தால் கூட்டம் தானாக நின்றுவிடும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அந்தப் பெர்ரி தெரு வீட்டுக்கார அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஆகவே கேட் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மாடத்தைச் சுற்றி ஆள் கை எட்டாத தூரத்தில் ஒரு கம்பிவலை. சேனலுக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதி, எபிசோடு முடிவில் ‘இந்த வீட்டுக்கு நேரில் போகவேண்டாம்’ என்று இரண்டு வரி போடச் சொல்லுங்கள். நடிகையே ஒரு வீடியோவில் சொன்னால் இன்னும் நல்லது, உங்கள் போர்டைவிட அந்தப் பெண்ணின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். கூகுள் மேப்பில் யாராவது சீரியல் பெயரிலேயே உங்கள் வீட்டைக் குறித்து வைத்திருப்பார்கள், பாருங்கள். திருத்தம் சொல்கிற இடத்தில் போய் தனியார் வீடு என்று சொல்லி நீக்கக் கேட்கலாம். மாமியார் முகம் வந்திருக்கிற யூடியூப் வீடியோவுக்கும் தனியுரிமைப் புகார் கொடுக்கிற வசதி இருக்கிறது.

மாமியாரை மட்டும் உள்ளே போய் உட்காரச் சொல்லிவிடாதீர்கள். நகரவேண்டியது வேன்.

இன்னொன்று, யாரிடமும் பத்து ரூபாய்கூட வாங்கவேண்டாம். ‘உள்ளே பார்க்க இருபது ரூபாய்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் டிக்கெட் எங்கே என்றுதான் கேட்பார். செய்வதானால் அதை முழுசாகத் தொழிலாகச் செய்யவேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது.

நானும் என் சிநேகிதிகளும் அந்த மாதிரி ஒரு வீட்டைப் பார்க்கப் போய் திட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். நாங்கள் திருடவா போனோம், ஆசையாகப் பார்க்கத்தானே போனோம்? முட்டம் கடற்கரையில் எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள், அங்கே யாராவது விரட்டுகிறார்களா? பத்மநாபபுரம் அரண்மனையில்? (மார்த்தாண்டம் வாசகி)

ஆசையைக் குறை சொல்லமாட்டேன் மக்களே. முட்டத்துப் பாறைகளில் ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்தது 1981-ல், இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், கடற்கரை பொது. பத்மநாபபுரத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் சில பகுதிகளை எடுத்தார்கள், 1993-ல் வந்த படம், நாகவல்லி எங்கே ஆடினாள் என்று இன்றும் அங்கே கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறை நடத்துகிற இடம், டிக்கெட் உண்டு, காவல் உண்டு, திங்கட்கிழமை லீவும் உண்டு. நீங்கள் போன வீட்டுக்கு என்றைக்கு லீவு, சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் டிவியில் பார்த்த ஹாலும் மாடிப்படியும் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள் இருக்காது. வெளியே ஒரு வீட்டைக் காட்டிவிட்டு உள்ளே செட் போட்டு எடுப்பது உலகம் பூராவும் வழக்கம். ‘பிராடி பஞ்ச்’ என்று அமெரிக்காவில் ஒரு பழைய தொடர். அதில் காட்டின வீட்டுக்கு நிஜத்தில் முழு மாடி கிடையாது, முகப்பில் ஒரு பொய் ஜன்னலை மாட்டி மாடி வீடு மாதிரிக் காட்டினார்கள். 2018-ல் ஒரு டிவி சேனல் அந்த வீட்டை 35 லட்சம் டாலருக்கு வாங்கி, தொடரில் வந்த அறைகளையெல்லாம் நிஜமாகவே கட்டி, அதையும் ஒரு நிகழ்ச்சியாக்கி ஒளிபரப்பியது. 2023-ல் விற்றபோது கிடைத்தது 32 லட்சம். கட்டின செலவு தனி! ரசிகர்களுக்கு வீடு வேண்டுமென்றால் இப்படி வாங்கித்தான் காட்டவேண்டும், இன்னொருத்தர் அடுக்களையை அல்ல.

ரோட்டில் நின்று ஒரு போட்டோ, அதில் வீட்டு ஆட்கள் முகம் வராமல், இடத்தின் பெயரைப் போடாமல். இதைச் செய்தால் யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரு வீட்டுக்காரர் கத்துகிறார் என்பதற்காக ஊர் பிழைப்பு கெடணுமா? வேன் வருவதால்தான் எங்கள் ஜங்ஷனில் டீக்கடையும் ஆட்டோவும் ஓடுது. (அழகியபாண்டியபுரம் வாசகர்)

பிழைப்பு முக்கியம்தான் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் வருகிற லாபம் ஜங்ஷனுக்கு, இடைஞ்சல் மட்டும் அந்த ஒரு வீட்டுக்கு. அமெரிக்காவில் அஸ்டோரியா என்கிற ஊரில் ‘கூனிஸ்’ படத்தில் வந்த வீட்டுக்கு இதே கதிதான். ஊர் அந்தப் படத்தைக் கொண்டாடியது, வீட்டுக்காரர் 2015-ல் வீட்டையே தார்ப்பாய் போட்டு மூடினார். பிறகு அதை வாங்கினதே ஒரு ரசிகர் என்பது தனிக் கதை.

உங்கள் ஜங்ஷனிலேயே வேனை நிறுத்திவிடுங்களேன். டீ குடிக்கட்டும், மட்டிப்பழம் வாங்கட்டும், நடந்து போய் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு வரட்டும். ஆட்டோக்காரர்கள் ‘உள்ளே கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லி ஆள் பிடிக்காமல் இருந்தாலே அந்த வீட்டுக்காரருக்குப் பாதித் தலைவலி குறையும். வீட்டுக்காரர் வெறுத்துப்போய் வீட்டை இடித்து கான்கிரீட் கட்டிவிட்டால் அப்புறம் ஒரு வேனும் வராது பாருங்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் பழைய வீடு. ஷூட்டிங்குக்குக் கேட்கிறார்கள். லொக்கேஷன் பார்க்கிற பையன், இந்த வீடு அமையாவிட்டால் தன் வேலையே போய்விடும் என்கிறான். விடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சார், அந்தப் பெர்ரி தெரு அம்மாவும் இதே மாதிரி ஒரு லொக்கேஷன் பையன் ‘வேலை போய்விடும்’ என்று சொன்னதைக் கேட்டு இரக்கப்பட்டுத்தான் சரி சொன்னார். பையன் பொய் சொல்கிறான் என்று சொல்லவரவில்லை. இரக்கப்பட்டுக் கொடுத்தாலும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

எத்தனை நாள், எத்தனை மணி வரை, எத்தனை பேர் என்பது எல்லோரும் எழுதுகிற விஷயம். சுவரில் ஆணி அடித்தால், ஓடு உடைந்தால், முற்றத்துச் சாணித்தரையில் டிராலித் தண்டவாளம் போட்டுக் குழி விழுந்தால் பழையபடி ஆக்கித் தருவதற்கு முன்பணமாக ஒரு தொகை பிடித்து வைப்பதும் பலருக்குத் தெரியும். நான் முக்கியமாகச் சொல்வது ஒளிபரப்பான பிறகு நடப்பதைப் பற்றி. ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் பேட்டியிலோ, ‘படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நாள்’ மாதிரி வீடியோவிலோ சொல்லக்கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். நடிகர்களின் இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்துத்தான், பாதி ரகசியம் அங்கேதான் கசிகிறது. கதவு எண், பஞ்சாயத்து போர்டு, தெருமுனைக் குருசடி எதுவும் பிரேமில் வரக்கூடாது. முகப்பில் அவர்கள் ஒரு பொய் வளைவோ தற்காலிகக் கேட்டோ வைத்து எடுக்கட்டும், போகும்போது கழற்றிக்கொண்டு போகட்டும். அப்புறம் நிஜ வீட்டைப் பார்க்கிறவனுக்கு இதுதானா என்று சந்தேகம் வரும், அந்தச் சந்தேகம் உங்களுக்கு நல்லது. மேலேயிருந்து டிரோன் ஷாட் எடுத்தால் தோட்டத்துப் பாதை வரை வழி தெரிந்துவிடும், அதை வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் வர ஆரம்பித்தால் கேட்டுக்கும் காவலுக்கும் ஆகிற செலவில் கம்பெனிக்கு ஒரு பங்கு உண்டு என்று ஒரு வரி. இதற்கு அவர்கள் முகம் சுளிப்பார்கள். பேசிப் பாருங்கள். மாட்டவே மாட்டேன் என்றால் வாடகையை அதற்குத் தக்க ஏற்றிக் கேளுங்கள். ஓடிடியில் மறுபடி மறுபடி வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், டிவியில் ஓய்ந்த தொடர் போனில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த மண்பாதை உங்கள் இரண்டு பேருக்கும் பொது என்றால், ஜெனரேட்டர் வண்டி நிற்கப்போவது அவர் வாசலில்தான்.