கர்ப்பகாலத்தில் தாய்க்கு வந்த நோய் பிள்ளையைப் பாதித்தால், அது தாயின் குற்றமா?

இல்லை. வேறு விதமாக நடக்க முடிந்தும் நடக்காததற்குப் பதில் சொல்வதுதான் பொறுப்பு. நோய் ஒருவர் செய்வதல்ல, அவருக்கு வருவது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவும் வேண்டுமென்றே கருவைக் கலைப்பதைத்தான் குற்றமென்கிறது, காய்ச்சல் வந்ததை அல்ல.

ருபெல்லா என்ற வைரஸ் நோயைப் பாருங்கள். தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். சிலருக்கு அதுவும் தெரியாது. முதல் 12 வாரத்துக்குள் வந்தாலோ பிள்ளையின் கண், காது, இதயம் கெடலாம்.

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் படகைத் திடீர்க் காற்று கவிழ்த்தால் ஓட்டியைக் குற்றம் சொல்வோமா? எச்சரிக்கை தெரிந்தும் கிளம்பியிருந்தால் கேட்கலாம். சரி, அந்த எச்சரிக்கை அவரிடம் போய்ச் சேர்ந்ததா? கிளினிக்குக்குப் போக பஸ் இல்லாத, துணைக்கு ஆளில்லாத ஒரு பெண்ணை நினைக்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அங்கே பொறுப்பு குடும்பத்துக்கும் அரசுக்கும் சேர்த்துத்தான். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து மருந்து கொடுத்ததால் கிடைத்த பலன் அது.

அப்புறம், கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று தாயை ஏசுவதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.