பிறந்த ஊரில் வெளிநாட்டவர்: விசாவும் பழைய அடையாள அட்டையும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து வாசகர் ஒருவர் ஐந்து பக்கத்தில் எழுதியிருக்கிறார். சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 61. 1989 இல் கனடா போய், 1998 இல் அந்நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். 84 வயதுத் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால் வந்து கூடவே நிற்கிறார். 30 நாள் சுற்றுலா விசாவில் வந்தவர், நீடித்து நீடித்து இப்போது 270 நாள் முடியப் போகிறது. இனி நீடிக்க ஏலாது என்று பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்தில் சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் காணி, யாழ்ப்பாண அளவில் இரண்டு பரப்பு, விலைக்கு வருகிறது. பழைய அடையாள அட்டை கையில் இருக்கிறது, காணி உறுதி (பத்திரம்) எழுத அது போதும் என்கிறாராம் நொத்தாரிசு. இடையில் மருமகன் முறையான ஒருவரின் கடையிலும் போய் இருக்கிறார். தாயின் வீட்டை அண்ணன் எழுதுவித்துவிடுவாரோ என்று பயந்த தம்பி, “விசா இல்லாமல் நிற்கிறாய் என்று பெட்டிசம் போடுவன்” என்று மிரட்டுகிறார். தகப்பனார் கட்டிய வீட்டில் இருக்க நான் ஏன் விசா எடுக்க வேண்டும் என்பதே வாசகரின் கேள்வி.

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்ட வரி ஒன்றே ஒன்று. அது மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதப்பட்டிருக்கிறது: “1998 இல் சத்தியப்பிரமாணம் செய்தேன்.” அந்த நாளோடு நீங்கள் இலங்கைக் குடிமகனாக இருப்பது நின்றுவிட்டது. யாரும் உங்களுக்குக் கடிதம் அனுப்பவில்லை, அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை, வாக்காளர் இடாப்பில் இருந்து பெயரைக்கூட வெட்டாமல் விட்டிருக்கலாம். அதெல்லாம் கணக்கில் இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, தன் விருப்பத்தோடு இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுப்பவர் இலங்கைக் குடியுரிமையைத் தானாகவே இழக்கிறார். மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியதும் இதே சட்டம்தான். அது யாருடைய மனவேதனையையும் கேட்டு எழுதப்பட்டதில்லை.

ஆகவே கோண்டாவில் உங்களுக்குச் சட்டப்படி வெளிநாடு. இதை ஏற்றுக்கொண்டால் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் வழி பிறக்கும். பத்தரமுல்லையில் நாலு மணித்தியாலம் காக்க வைத்ததையும், அந்த அலுவலர் சிங்களத்தில் சத்தம் போட்டதையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வாசித்தேன். அதை வைத்து விசா எடுக்க முடியாது.

நீடிப்புக்கு என்ன படிவம், எந்த வரிசை என்பது உங்களுக்கே இப்போது அத்துப்படி. அதை விட்டுவிட்டு, 270 நாளுக்குப் பிறகு என்ன என்பதைப் பார்ப்போம்.

“ஒரு நாளைக்குச் சென்னை போய்ட்டு வந்தால் புது விசா கிடைக்கும்” என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பலாலியில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னை, காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கிறது. போவது சுகம். திரும்பி வருவதில்தான் விஷயம் இருக்கிறது. இணையத்தில் எடுக்கிற பயண அனுமதி, நாட்டுக்குள் விடுவோம் என்ற உத்தரவாதம் இல்லை. வந்து இறங்குமிடத்தில் உள்ள அதிகாரியே தீர்மானிப்பார். என் கட்சிக்காரர் ஒருவர், ஐரோப்பாவில் இருந்து தாயைப் பார்க்க வந்த பெண்மணி, இப்படி இரண்டு முறை போய் வந்தார். மூன்றாம் முறை அதிகாரி கடவுச்சீட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இலங்கை முத்திரைகளை விரலால் எண்ணி, “அம்மா, நீங்கள் இங்கே சுற்றுலாவா வந்தீர்கள், குடியிருக்கவா?” என்று கேட்டார். அவர் உண்மையைச் சொன்னார், குடியிருக்க என்று. வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வானில் காத்திருந்த தாயாருக்கு அன்று மகளின் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

உங்களுக்கு ஒழுங்கான வழி இரண்டு உண்டு. முன்னாள் இலங்கையருக்கென்று வதிவிட விசா ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் விசா உயிரோடு இருக்கும்போதே அதற்குப் போட வேண்டும். மற்றது இரட்டைக் குடியுரிமை. அதே பிரசாவுரிமைச் சட்டத்துக்கு 1987 இல் வந்த திருத்தத்தின்படி, இழந்த குடியுரிமையை 19 (2) ஆம் பிரிவின் கீழ் மீளப் பெறலாம். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவே ஒரு தகுதி. உங்களுக்கு 61, வங்கியில் நிலையான வைப்புக் காட்ட வேண்டிய தேவைகூட இல்லை. 2011 இல் இந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்து, 2015 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். கதவு திறந்திருக்கும்போது நுழைந்துவிடுங்கள் என்று அதனால்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

இழுபடப் போவது உங்கள் பெயரில். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உங்கள் பெயர் தனி, தகப்பனார் பெயர் தனி. கனடாக் கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், உங்கள் பெயர் ஆங்கில எழுத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். கல்யாணப் பதிவில் மூன்றாவது விதமாக இருக்கும். மூவரும் ஒருவர்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கனடாப் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்பார்கள். கைவிரல் அடையாளம் கொடுத்து அது வந்து சேர நாட்கள் ஓடும். இவை எல்லாவற்றையும் இன்றைக்கே தொடங்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட பற்றுச்சீட்டு விசா ஆகாது. “கேஸ் உள்ளே கிடக்குது, இனி ஒன்றும் செய்யமாட்டார்கள்” என்று விசாவைக் காலாவதியாக விட்டவர்களை நான் வருசத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். விண்ணப்பம் ஒரு பாதையில் போகும், விசா இன்னொரு பாதையில் போகும். முதலாவது முடியும்வரை இரண்டாவது அறுந்து போகக்கூடாது.

இனி, நான் உண்மையிலேயே பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் விசாவை விட உங்கள் பணப்பையில் இருக்கிற அந்த அட்டை ஆபத்தானது.

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வி, ஓரம் பிரிந்த பிளாஸ்ரிக் உறை, மீசை முளைத்த வயதில் எடுத்த படம். வெளிநாட்டில் இருந்து வருகிற ஒவ்வொருவரும் அதை என் மேசையில் பெருமையோடு எடுத்து வைக்கிறார்கள். 1968 ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின் கீழ் அது இலங்கைப் பிரசைக்குக் கொடுக்கப்பட்டது. நீங்கள் பிரசையாக இல்லாத காலத்தில் அதை நீட்டி ஒரு காரியம் செய்தால், இல்லாத ஒரு தகுதியை இருப்பதாகக் காட்டுகிறீர்கள். பஸ்ஸில் காட்டினால் ஒன்றும் இல்லை. உறுதியில் எழுதினால்?

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உடைமை மாற்றுவதைத் தடை செய்கிறது. தடையை மீறி எழுதிய உறுதி செல்லாது. பிறகு வழக்குப் போட்டு இரத்துச் செய்ய வேண்டிய உறுதி என்று நினைக்காதீர்கள். தொடக்கத்தில் இருந்தே அது வெறுங் கடதாசி. நொத்தாரிசு முத்திரை குத்தி, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் பதிந்தாலும் அப்படித்தான்.

சுவிஸில் இருந்து வந்த ஒருவர் நல்லூர்ப் பக்கம் நாலு பரப்பு வாங்கினார். நொத்தாரிசு கேட்டது அடையாள அட்டையைப் பற்றி ஒரே கேள்வி: “ஐசி இருக்குதோ?” இருந்தது. எழுதிப் பதிந்து, மதிலும் கட்டி, ஐந்து வருடம் வரி கட்டினார். பிறகு விற்க வந்தபோது, வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்க இருந்த வங்கியின் சட்டத்தரணி உறுதியைப் புரட்டினார். கொள்வனவாளர் பெயருக்குக் கீழே, “தற்போது சூரிச்சில் வசிக்கும்” என்று அந்த நொத்தாரிசே எழுதியிருந்தார். எந்த நாட்டுப் பிரசை என்று ஒரு வரியில் கேட்டு எழுதினார்கள். கடன் இல்லை, விற்பனை இல்லை. செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவி, காணியை விற்ற மனிதரின் மகன் அடுத்த மாதம் வேலி அடைக்க வந்துவிட்டார், காணி இன்னும் தங்களுடையது என்று. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு நடக்கிற வழக்கு இன்னும் தவணையில் இருக்கிறது. இதற்கிடையில் அவர் இரட்டைக் குடியுரிமையும் எடுத்துவிட்டார். பயனில்லை. உறுதி எழுதிய அன்று அவர் யார் என்பதுதான் கேள்வி; பின்னால் வந்த குடியுரிமை, முன்னால் செத்துப்போன உறுதியை எழுப்பாது.

“அப்படியென்றால் மருமகனின் பெயரில் வாங்கி வைக்கிறேன்” என்பீர்கள். வேண்டாம். காசு உங்களுடையது, பெயர் அவருடையது. நாளைக்கு அவருக்குக் கல்யாணம், கடன், மனக்கசப்பு ஏதாவது வந்தால், “நம்பிக்கையில் வைத்திருந்தேன்” என்று நீதிமன்றத்தில் கேட்கப் போவீர்கள். சட்டம் தடுத்ததைச் சுற்றிப் போவதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து சொல்லும்போது, உங்கள் சார்பில் நிற்கிற நான் என்ன சொல்ல? அந்த இரண்டு பரப்பையும் விட்டுவிடுங்கள். இரட்டைக் குடியுரிமை கிடைத்த பிறகும் காணி விலைக்கு இருந்தால் வாங்கலாம், இரட்டைப் பிரசைகளுக்கு அந்தத் தடை இல்லை. அதுவரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

மருமகனின் கடையும் அப்படித்தான். “பொழுது போகாமல் காசு மேசையில் இருந்தேன், சம்பளம் வாங்கவில்லை” என்கிறீர்கள். சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கும் வேலை செய்யக்கூடாது, சம்பளம் இல்லாமலும் செய்யக்கூடாது. நாளையில் இருந்து கடைக்குச் சாமான் வாங்க மட்டும் போங்கள்.

தம்பிக்கு வருகிறேன். அவர் 1993 இல் உங்கள் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கியது, தகப்பனாரின் அந்தியேட்டிக்குச் செலவழிக்காதது எதுவும் எனக்கு வேண்டாம். வீடு தகப்பனார் கல்யாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய காணியில் கட்டியது, மரண சாசனம் இல்லை, பிள்ளைகள் நீங்கள் இருவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி அது தேடியதேட்டம், அதாவது கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து. அவர் காலமானதும் பாதி தாயாருக்கு, மிச்சப் பாதி உங்கள் இருவருக்கும். ஆகவே நீங்கள் ஏற்கெனவே காற்பங்குக்காரர். வெளிநாட்டவராக இருந்தாலும் இது செல்லும்: உரிமையாளரின் நெருங்கிய உறவினருக்கு முதுசமாகவோ, நன்கொடையாகவோ, மரண சாசனத்தாலோ வருகிற காணிக்கு 2014 ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. தாயார் தன் பாதியை உங்களுக்கு நன்கொடை உறுதியால் எழுதுவதற்கும் தடை இல்லை.

தடை இல்லை என்பதற்காக எழுதுவிக்காதீர்கள். 84 வயது, இடுப்பு எலும்பு முறிவு, வலிக்குக் குளிசை, வீட்டில் நிற்பது நீங்கள் ஒருவர். தம்பி வழக்குப் போட்டால் முதல் பந்தியே “தாயார் சுயபுத்தியில் இல்லாதபோது, வற்புறுத்தி” என்றுதான் தொடங்கும். அதற்கு முன்பே பெட்டிசம் கொழும்புக்குப் போய்விடும். விசா ஒழுங்காக இருந்தால் பெட்டிசத்தால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பீர்கள். இரட்டைக் குடியுரிமைக் கோப்பில் இருபக்க மொட்டைக் கடிதம் ஒன்று விழுந்தால் விசாரணை, விளக்கம், மாதக் கணக்கு. அந்த மாதங்கள் உங்கள் விசாவில் இருந்துதான் கழியும். தம்பிக்கு இழக்க ஒன்றும் இல்லை, அவர் பிரசை. காலம் அவர் பக்கம் நிற்கிறது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். தாயாரின் பாதியை இருவருக்கும் சமமாக எழுதி, தாயாருக்குச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கி, ஒரே நாளில், ஒரே உறுதியில், தம்பியும் பக்கத்தில் இருக்க முடியுங்கள். அன்று காலையே தாயாரை ஒரு வைத்தியரிடம் காட்டி, சுயபுத்தியோடு இருக்கிறார் என்று கடிதம் வாங்குங்கள். நொத்தாரிசு உங்கள் ஆளாகவும் இருக்கக்கூடாது, தம்பியின் ஆளாகவும் இருக்கக்கூடாது. அந்த உறுதியில் உங்கள் பெயருக்கு எதிரே கனடாக் கடவுச்சீட்டு இலக்கத்தையே எழுதச் சொல்லுங்கள். “நான்தான் தாயைப் பார்த்தேன், எனக்குக் கூட வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். பாகப்பிரிவினை வழக்கில் இறங்கினால் அந்த நியாயத்தை நிரூபிக்கப் பத்து வருடம் போகும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு விசா வேண்டும்.

விசா முடிகிற நாளுக்குக் குறைந்தது மூன்று கிழமைக்கு முன்னரே வாருங்கள். கனடாக் குடியுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சாட்சிப் பத்திரம், தகப்பனாரின் மரணச் சாட்சிப் பத்திரம், வீட்டு உறுதியின் பிரதி ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். முடிந்தால் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடையாள அட்டை வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.