கடை ஒண்ணு, ஆப் அஞ்சு: எதுக்கு நேரம் குடுக்கலாம்?

தலவாக்கலை டவுன்ல சின்னதா தையல் கடை வச்சிருக்கேன் அண்ணே. வாட்ஸ்அப், வைபர், இமோ, மெசெஞ்சர், இன்ஸ்டாகிராம்னு அஞ்சுலயும் மெசேஜ் வருது, மெஷின்ல ஒக்கார நேரம் இல்ல. எத வச்சிக்கிறது, எத விடுறது?

தங்கச்சி, மொதல்ல பில் புத்தகத்த எடுங்க. போன மாசம் காசு குடுத்து தைச்சிட்டு போனவங்க ஒவ்வொருத்தரும் எதுல பேசினாங்கன்னு ஒரு தாள்ல கோடு போட்டு எண்ணுங்க. எதுல மெசேஜ் கூட வருதுன்னு பாக்காதீங்க, எதுல காசு வருதுன்னு பாருங்க. என்கிட்ட கேட்ட கடைக்காரங்கள்ல முக்காவாசி பேருக்கு அது வாட்ஸ்அப்தான், உங்களுக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். இன்ஸ்டாகிராம்ல "வெல என்ன"ன்னு கேட்டுட்டு காணாமப் போறவங்களுக்கு நாளுக்கு ஒருதடவ பதில் போட்டா போதும். ஆனா இமோவ மட்டும் அவசரப்பட்டு தூக்கிடாதீங்க, வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போன நம்ம அக்காமார் நெறைய பேர் அதுலதான் பேசுறாங்க, பிள்ளைக்கு யூனிபார்ம் தைக்க காசு அனுப்புறதே அவங்கதானே. சாயங்காலம் ஒருக்கா தொறந்து பாருங்க.

அப்புறம் சாதாரண வாட்ஸ்அப்ல இருந்து வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறுங்க. 2018ல வந்த ஆப், காசு ஒண்ணும் இல்ல. ஒரே நம்பர் ரெண்டு ஆப்லயும் ஒரே நேரத்துல ஓடாது, அதனால மாறுறதுக்கு முன்னால பேக்கப் எடுத்துக்கோங்க. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது லேபிள்தான். "அளவு எடுத்தாச்சு", "கழுத்து வேல பாக்கி", "காசு வரணும்"னு மூணு லேபிள், மூணு கலர்ல போடுங்க. சனிக்கிழம காலையில "காசு வரணும்"ஐ அமத்தினா யார் யார் பாக்கின்னு வரிசையா வந்து நிக்கும். எல்லாரும் கேக்குற கேள்விக்கு குயிக் ரிப்ளை எழுதி வைங்க. "/1"ன்னு அடிச்சா "அளவுக்கு பழைய ப்ளவுஸ் ஒண்ணு கொண்டு வாங்க, நாலு நாள்ல குடுப்போம்"னு முழுசா வந்துடும், ஊசியில நூல் கோக்கிற நேரம் கூட ஆகாது.

ஹப்புத்தளையில ரெண்டு ரூம் ஹோம்ஸ்டே. பேஸ்புக் பேஜுக்கு தினம் போட்டோ போடுறேன், ஆள் வரமாட்டேங்குது.

உங்ககிட்ட தங்க வர்றவர் கோச்சில ஒக்காந்துக்கிட்டு கூகுள் மேப்லதான் தேடுறார் அண்ணே, உங்க பேஜுல இல்ல. கூகுள் மேப்ல உங்க எடத்தக் காட்டுற கூகுள் பிசினஸ் ப்ரொபைல் போடுங்க, அதுவும் இலவசம், பதிஞ்சு தாறேன்னு காசு கேட்டு யாராவது கோல் எடுத்தா குடுக்காதீங்க. எடம் நெசமா இருக்கான்னு பாக்க கூகுள்ல அநேகமா வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க. ரோடு, போர்டு, உள்பக்கம் மூணும் தெரியணும், அதனால மிஸ்ட் எறங்குறதுக்கு முன்னாடி காலையிலேயே எடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பின்னேரம் எடுத்து போர்டே வெள்ளையா போய், திரும்ப எடுக்க வேண்டியதா போச்சு. வாட்ஸ்அப் நம்பர +94 போட்டு குடுங்க, 0வுல தொடங்கினா வெளிநாட்டுக்காரர் போன்ல வேல செய்யாது. ரிவியூ போட்டவங்களுக்கு ரெண்டு வரியாவது பதில் எழுதுங்க, அடுத்து வர்றவர் அத வாசிச்சிட்டுத்தான் முடிவு பண்றார். பேஸ்புக்குக்கு வாரத்துக்கு ஒரு போட்டோ போதும்.

ஹட்டன்ல வீட்டுல கேக் செஞ்சு விக்கிறேன். கஸ்டமர் எல்லாரையும் சேத்து ஒரு குரூப் தொடங்கலாமா?

வேணாம் அக்கா. குரூப்ல போட்டா ஒருத்தர் நம்பர் மத்த எல்லாருக்கும் தெரியும். உங்கள நம்பி நம்பர் குடுத்த பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரில தெரியாத ஆள் "ஹாய்" போட்டா அந்தப் பழி உங்களுக்குத்தான் வரும். ப்ராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க. ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் போடலாம், ஒவ்வொருத்தருக்கும் தனி மெசேஜாத்தான் போகும். ஆனா உங்க நம்பர சேவ் பண்ணி வச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், அதனால கேக் குடுக்கும்போதே "நம்பர சேவ் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிடுங்க. தீபாவளி, நத்தாருக்கு முன்னால போடுங்க, தெனமும் குட் மோர்னிங் அனுப்பினா ப்ளொக் பண்ணிடுவாங்க.

ஆரி வேல கிளாஸ் நடத்த சூமுக்கு காசு கட்டணுமா? (பதுளை)

இப்ப வேணாம். இலவச சூம் 40 நிமிஷத்துல நிக்கும், கூகுள் மீட்ல குரூப்பா 60 நிமிஷம் பேசலாம். ஒரு தையல் சொல்லிக் குடுக்க 40 நிமிஷமே தாராளம். கேமராவ உங்க முகத்துக்கு வைக்காம கைக்கு மேல வைங்க, பிள்ளைங்க பாக்க வேண்டியது ஊசியத்தான்.

உங்க போனுக்கு 6 இலக்க கோட் ஒண்ணு வந்திருக்கு, அனுப்புங்கன்னு தெரிஞ்சவரே கேக்குறார். அனுப்பலாமா? (மஸ்கெலியா)

அனுப்பவே அனுப்பாதீங்க! அந்த 6 இலக்கம்தான் உங்க வாட்ஸ்அப்போட சாவி, கேக்குறது உங்க தெரிஞ்சவர் இல்ல, அவர் அக்கவுண்ட புடிச்சவன். எங்க அத்த மசாலாத்தூள் அரைச்சு விக்கிறவங்க, இப்பிடித்தான் குடுத்துட்டாங்க, ஒரு மணித்தியாலத்துல அவங்க பேர்ல பாதி கஸ்டமருக்கு "அவசரமா காசு போடுங்க"ன்னு மெசேஜ் போயிருச்சு, ரெண்டு பேர் போட்டும் விட்டாங்க. அத்த அழுத அழுக இன்னும் கண்ணுல நிக்குது, தன் கையால அந்தக் காசத் திருப்பிக் குடுத்தாங்க. இன்னிக்கே செட்டிங்ஸ்ல டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போட்டு ஒரு பின் வைங்க, அந்தப் பின்னையும் யாருக்கும் சொல்லாதீங்க.

இன்னொண்ணு, கஸ்டமர் நம்பர எல்லாம் கொப்பியிலயும் எழுதி வைங்க. 2021 ஒக்டோபர் 4 வாட்ஸ்அப் ஆறு மணித்தியாலம் போல விழுந்து கெடந்துச்சு, 2022 ஏப்ரல் 3 அரசாங்கமே சோஷியல் மீடியாவ முடக்கிச்சு. அன்னிக்கு கொப்பி இருந்தவங்க சாதாரண கோல் எடுத்து ஓடர முடிச்சாங்க.

எங்க தோட்டத்துல சிக்னல் ஒரு கோடுதான். இதெல்லாம் எனக்கு சரிவருமா? (பொகவந்தலாவை)

வரும் தம்பி. வீடியோ கோல விடுங்க, வாய்ஸ் மெசேஜ் போடுங்க, சிக்னல் இல்லாட்டியும் அது போன்லயே நின்னு கோடு வந்த ஒடனே போயிரும். வாட்ஸ்அப் பிசினஸ்ல நீங்க இல்லாத நேரம் தானா போற அவே மெசேஜ்ல "பிறகு பேசுறோம்"னு எழுதாம "சாயங்காலம் 6 மணிக்கு பதில் வரும்"னு நேரம் போட்டு எழுதுங்க. அந்த 6 மணிக்கு சிக்னல் எடுக்கிற எடத்துக்கு போய் நின்னு எல்லாத்துக்கும் ஒரே மூச்சுல பதில் போட்டுட்டு வாங்க.