நாணலில் கட்டிய கூடு காற்றில் கவிழாதா?

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகள், கேம்பிரிட்ஜ் பக்கத்தில் விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலத்துக்குப் போயிருந்தபோது, தண்ணீருக்கு மேலே நாணல் தண்டுகளில் கட்டியிருந்த ஒரு குருவிக் கூட்டைத் தொலைநோக்கியில் பார்த்தாளாம். காற்றில் நாணல் சாய்ந்தால் முட்டைகள் விழுந்துவிடாதா? அதில் குயில் முட்டையிடும் என்கிறாளே, அது நம் ஊர்க் குயில்தானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் பார்த்தது நாணல் கதிர்க்குருவியின் கூடு. சுமார் 12 கிராம் எடையுள்ள இந்தப் பழுப்பு நிறக் குருவி, சகாராவுக்குத் தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஏப்ரல் கடைசி வாக்கில் இங்கிலாந்தின் நாணல் காடுகளுக்கு வந்து சேர்கிறது. நம் தூக்கணாங்குருவியைப் போல இது கூட்டைத் தொங்கவிடுவதில்லை. அருகருகே நிற்கும் சில தண்டுகளைச் சுற்றிப் புல்லையும் நாணல் இலைக் கீற்றுகளையும் சிலந்தி நூலையும் வளைத்துப் பின்னுவதால், அந்தத் தண்டுகள் கூட்டின் சுவருக்குள்ளேயே தூண்களாக நிற்கின்றன. பெரும்பாலும் பெட்டைதான் கட்டுகிறது. கூடு ஆழமான கிண்ணம்போல் இருப்பதால், தண்டுகள் சாயும்போது கூடும் சேர்ந்து சாய்ந்தாலும், அதிலுள்ள நான்கு முட்டைகளும் குழியின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. அந்த ஆழம்தான் முட்டைகளுக்குக் காவல்.

குயில் விஷயத்தில் அப்படி ஒரு காவல் இல்லை. அங்கு முட்டையிடுவது 'குக்கூ' என்று கூவும் ஐரோப்பியக் குயில். காக்கைக் கூட்டை நாடும் நம் குயில் வேறு இனம். ஐரோப்பியக் குயில் மறைந்திருந்து பார்த்து, குருவி அகன்ற பிற்பகல் வேளையில் இறங்கி, ஒரு முட்டையை அலகால் எடுத்துவிட்டுத் தன் முட்டையை இட்டுப் பறந்துவிடுகிறது. இதற்கு ஏறக்குறைய 10 விநாடிதான் ஆகிறது. நம் குயில் குஞ்சு பல சமயம் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். இதுவோ, கண் திறவாத நிலையிலேயே மற்ற முட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏந்தி, கூட்டின் சுவரில் பின்னோக்கி ஏறி வெளியே தள்ளிவிடுகிறது. படிக்கும்போதே மனம் பதறுகிறது. தன்னைவிடப் பல மடங்கு பெரிதாகிவிட்ட குஞ்சுக்குக் குருவி ஏன் இரை கொடுக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக் டேவிஸும் அவருடைய சகாக்களும் 1998-இல் விளக்கினார்கள். அதே பருமனுள்ள வேறு இனக் குஞ்சைக் கூட்டில் வைத்தபோது குருவிகள் குறைவாகவே இரை கொண்டுவந்தன. பக்கத்தில் குயில் குஞ்சின் விரைவான கத்தலை ஒலிபெருக்கியில் கேட்கச் செய்ததும் இரையின் அளவு கூடியது. அந்த ஒரு குஞ்சின் கத்தல், ஒரு கூடு நிறைந்த கதிர்க்குருவிக் குஞ்சுகளின் கத்தலை ஒத்திருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். நாணலை வெட்டாமலே விட்டால் சருகு சேர்ந்து, நிலம் மேடாகி, புதர் மண்டிவிடும்; ஒரே குளிர்காலத்தில் முழுவதையும் வெட்டினாலோ, புதுத் தளிர்கள் உயரமாக வளராத வசந்தத்தில் வந்திறங்கும் குருவிக்குக் கூட்டைத் தாங்கச் சென்ற ஆண்டின் காய்ந்த தண்டுகள் இல்லாமல் போகும். ஆகவே ஆண்டுக்கு ஒரு பகுதியாக மாற்றி மாற்றி வெட்டுவதே சரியான முறை. மகள் மறுபடி போனால் மரப்பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டருகே தண்டுகளை விலக்கினால், அந்த இடைவெளியே எதிரிகளுக்கு வழிகாட்டிவிடும்.