போக்கர் மேசையில வெளிச்சம் வெட்டுறதும் கடதாசி பறக்கிறதும்

போக்கர் விளையாடுற மேசையில வெளிச்சம் வெட்டுது, சீட்டுக் கடதாசியும் பறக்குது, என்ன செய்யலாம் எண்டு கேட்டிருக்கிறீங்கள். பல்பை மாத்தாதேங்கோ, அது இருக்கிற இடத்தை மாத்துங்கோ. சீலிங் ஃபானுக்கு மேல, தீராந்தியில பல்ப் இருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்கள். சுத்துற தகடு வெளிச்சத்தை மறைச்சு மறைச்சு விடுகுது. அதுதான் மேசையில வெட்டி வெட்டி விழுது.

இரவில பல்பைப் போட்டுக்கொண்டு ஃபானை நிப்பாட்டிப் பாருங்கோ. வெட்டு நிண்டால் காரணம் அதுதான்.

பிறகு செய்ய வேண்டியது:

1. மேசைக்கு நேர் மேலே இருக்கிற ஃபானைக் கழட்டிப்போட்டு, சுவரில பூட்டுற ஃபான் ஒண்டு போடுங்கோ. காத்து ஆக்களின்ர தோளுக்கு வரவேணும், மேசைக்கு வரக்கூடாது; வந்தால் கடதாசி பறக்கும். கிளிநொச்சி வெக்கைக்கு ஃபான் இல்லாமல் ஒருத்தரும் இருந்து விளையாடமாட்டினம், அதால ரெண்டு ஃபான் எண்டாலும் பரவாயில்லை.
2. மேசை நடுவுக்கு மேல 30 - 36 அங்குல உயரத்தில ஒரு தொங்கு விளக்கு. பால் நிறக் கண்ணாடி மூடி, 3000 கெல்வின் (வெளிச்சத்தின்ர நிறத்தைச் சொல்லுற அளவு) மஞ்சள் வெளிச்சம். மூடி இல்லாட்டி மினுக்கக் கடதாசியில வெளிச்சம் பட்டுக் கண் கூசும்.

கேக்காத ஒண்டும் சொல்லுறன்: மேசைக்குக் கறுப்புத் துணி வேண்டாம். சோளகம் வீசேக்க செம்மண் புழுதி அதில அப்பிடியே தெரியும். கடும் பச்சை நல்லம்.

ஃபானை நிப்பாட்டியும் வெட்டினால் நான் சொன்னது பிழை. தண்ணி மோட்டர் ஓடேக்க மட்டும் வெட்டுதோ எண்டு பாருங்கோ. அப்பிடியெண்டால் வோல்ட்டேஜ் இறங்குது, வயரிங் தெரிஞ்ச ஆள்தான் பாக்கவேணும்.