ஒரே கமிட், இரண்டு முடிவுகள்: ஃபிளேக்கி டெஸ்ட் குறித்த கேள்வி பதில்

கோடில் ஓர் எழுத்தும் மாறாதபோதே ஒருமுறை பாஸாகி மறுமுறை ஃபெயிலாகும் ஃபிளேக்கி டெஸ்டுகளைச் சிஐ பைப்லைனில் (கோடு மாறும்போதெல்லாம் பில்டையும் டெஸ்டுகளையும் தானாக ஓட்டும் அமைப்பில்) கண்டுபிடிப்பது எப்படி என்று, பெரம்பூரில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் சோதனையாளர் வட்டத்தில் பலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கான விடைகள் இவை.

ஐயா, ஃபெயிலான டெஸ்ட் தானாக மூன்று முறை மறுபடி ஓடும்படி அமைத்துவிட்டோம். பில்ட் பச்சையாகவே இருக்கிறது. இதற்கு மேலும் ஏதேனும் தேவையா? (வியாசர்பாடி)

தேவை. மறுபடி ஓட்டுவதில் குற்றமில்லை. அதன் முடிவை எங்கும் எழுதி வைக்காமல் விடுவதுதான் குற்றம். டெஸ்டின் பெயர், கமிட் எண் (கோடில் சேமித்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிய அடையாளம்), எத்தனையாவது முயற்சி, முடிவு, ஓடிய நேரம், ஓடிய ரன்னர் (டெஸ்டுகளை ஓட்டும் இயந்திரம்) ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் ஒரு டேபிளில் சேருங்கள். ஒரே கமிட்டில் ஒரே டெஸ்டுக்குப் பாஸ், ஃபெயில் இரண்டும் பதிவாகியிருப்பதை ஓர் எளிய குவெரி எடுத்துக் காட்டிவிடும். மறுமுயற்சியில் பாஸான டெஸ்டை, ஜாவா டெஸ்டுகளை ஓட்டும் மேவன் ஷ்யூர்ஃபயர் தன் எக்ஸ்எம்எல் ரிப்போர்ட்டில் தனியாகக் குறிக்கிறது. பிரவுசர் டெஸ்டுகளுக்கான பிளேரைட் அதை ஃபிளேக்கி என்றே பட்டியலிடுகிறது. ஆகவே, அந்த ரிப்போர்ட்டுகள் பில்டோடு அழிந்துபோகாமல் சேமித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டெஸ்டுக்கு முன் உங்கள் பைப்லைன் உங்கள் மாற்றத்தை மெயின் பிராஞ்சோடு (குழுவின் பொதுவான கோடோடு) மெர்ஜ் செய்வதாக, அதாவது இணைப்பதாக இருந்தால், மெர்ஜுக்குப் பின் உண்மையில் ஓடிய கோடின் எண்ணையே பதிய வேண்டும்.

ஆயிரத்தில் ஒருமுறை ஃபெயிலாவதற்கு இத்தனை பாடு வேண்டுமா? (தண்டையார்பேட்டை)

அப்படிப்பட்ட டெஸ்டுகள் 500 இருந்தால், எல்லாமே ஒருசேரப் பாஸாகும் வாய்ப்பு ஏறத்தாழ 61 சதவீதம்தான். அதாவது, நூறு பில்டுகளில் 39 காரணமின்றிச் சிவப்பாகும். தங்கள் டெஸ்டுகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் இந்தக் குறை ஓரளவேனும் இருப்பதாகக் கூகுள் 2016இல் எழுதியது. சிவப்பைக் கண்டதும் லாகைத் திறக்காமல் ரீரன் பொத்தானை அழுத்தும் பழக்கம் ஒரு குழுவில் வேரூன்றிவிட்டால், உண்மையான பிழையும் அதே வழியில் தப்பிவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

எங்கள் கிடங்கு மென்பொருளில் "இன்று வந்த சரக்கு" டெஸ்ட் பகலில் ஃபெயிலானதே இல்லை. நள்ளிரவு ரிலீஸில் மூன்று முயற்சியிலும் ஃபெயிலாகிறது. இது ஃபிளேக்கியா? (மாதவரம்)

ஃபிளேக்கிதான், ஆனால் உடனடி மறுமுயற்சியால் பிடிபடாத வகை. ரன்னர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நள்ளிரவு 12 மணியிலிருந்து அதிகாலை 5.30 வரை நமக்குப் புதிய தேதி, ரன்னருக்கோ முந்தைய தேதி. டெஸ்ட் ஒரு தேதியையும் கோடு மற்றொரு தேதியையும் "இன்று" என்று எடுத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் எத்தனை முறை ஓட்டினாலும் ஃபெயிலாகவே செய்யும். மூன்றும் ஃபெயில் என்பதால் குவெரியும் அதை மெய்யான பிழை என்றே எண்ணிவிடும். இதனால்தான், மெயின் பிராஞ்சின் கடைசி கமிட்டை நாளின் வெவ்வேறு மணிகளில் அட்டவணைப்படி ஓட்டி, அந்த முடிவுகளையும் அதே டேபிளில் சேர்க்கச் சொல்கிறேன். அந்த ஓட்டங்களில் டெஸ்டுகளின் வரிசையையும் கலைத்துவிட்டால், முந்தைய டெஸ்ட் விட்டுச்சென்ற டேட்டாவை நம்பியிருப்பவையும் வெளிப்படும். கலைத்த வரிசையை மீண்டும் உண்டாக்க, அந்த வரிசையைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை லாகில் எழுதிவிடுங்கள். உங்கள் டெஸ்டைப் பொறுத்தவரை, கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுத்து, ஒரு நிலையான நேரத்தில் நிறுத்திச் சோதிப்பதே தீர்வு.

புதிய டெஸ்டைச் சேர்க்கும்முன் எத்தனை முறை ஓட்டிப் பார்க்கலாம்? (கொளத்தூர்)

நூற்றில் ஐந்து முறை ஃபெயிலாவதை 95 சதவீத உறுதியுடன் பிடிக்க 59 ஓட்டங்களும், நூற்றில் இரண்டு முறை என்றால் 149 ஓட்டங்களும் தேவை. பத்து முறை ஓட்டி நிம்மதி அடையாதீர்கள்.

பிடிபட்டதை நீக்கிவிடலாமா? (திருவொற்றியூர்)

வேண்டாம். மெர்ஜைத் தடுக்காத தனி ஜாபுக்கு மாற்றி, அங்கே தொடர்ந்து ஓடவிடுங்கள். பொறுப்பாளர் ஒருவரையும் கெடு தேதியையும் குறித்துவிடுங்கள். ஆனால் மாற்றும்முன், தவறு டெஸ்டில்தானா என்று பாருங்கள். இரண்டு த்ரெடுகள் (மென்பொருளுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்துவதால் ஃபெயிலாகிறது என்றால், நாளை வாடிக்கையாளரின் கணக்கிலும் அதுவே நடக்கும். அந்த டெஸ்டை ஒதுக்காமல், கோடைத் திருத்தும்வரை ரிலீஸை நிறுத்தி வையுங்கள்.